புகை ஏறிய பீன்ஸ்

இப்போதெல்லாம் புகையைக்கூட பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். மூன்று சொட்டு விட்டால் போதுமாம், விறகடுப்பில் வைத்த வாசனை வந்துவிடுமாம். கடைக்காரப் பெண் அதை எடுத்து நீட்டியபோது பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு வெயிலையும் பாட்டில்ல குடுப்பீங்க. எனக்குக் காய்ஞ்ச வெள்ளை பீன்ஸ் மட்டும் போடும்மா. பழைய சரக்கா இருந்துச்சுன்னா, திரும்ப வந்து நிப்பேன்."

முப்பத்தெட்டு வருஷம் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். புகையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. டீயும் ரொட்டியுமாக வயிற்றைக் கழுவியதில் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. அடுப்பில் வைத்து மறந்து இரண்டு பாத்திரம் கரியாகிப் போயின. மகள் வந்து பார்த்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்குச் சமைச்சுக்கத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்று இவர் வீறாப்பாகச் சொல்லப்போக, அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை மதியம் எங்க வீட்ல கரியில கோழி சுடறோம். தொட்டுக்க அம்மா செய்யற பீன்ஸ நீங்க செஞ்சு கொண்டாங்க. டின்னு வாங்கி ஊத்தக் கூடாது. நல்லா வந்துச்சுன்னா வீட்டைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா மாசக் கடைசியில பெட்டியக் கட்டணும்."

"உங்கம்மா செஞ்சத நான் பாக்காததா?"

பார்த்திருக்கிறார்தான். விடியுமுன் இருட்டோடு வேலைக்குப் போனால் காலை பதினோரு மணிக்கு வீடு திரும்புவார். ஞாயிறும் கிடையாது, கிழமையும் கிடையாது. பீன்ஸ் நாளில் அவர் உள்ளே நுழையும்போது மனைவி கையில் வினிகர் பாட்டில் சாய்ந்திருக்கும். அப்புறம் தக்காளி, வெல்லம், கடுகுப்பொடி, மிளகாய்த்தூள். கடைசியில் புகைக்கு ஒரு கரித்துண்டு. வாசல் நிலையில் சாய்ந்தபடி வருஷக்கணக்காகப் பார்த்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வார்.

சனிக்கிழமை சாயங்காலமே ஊறப்போட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பானையை ஏற்றி, வெங்காயமும் பூண்டும் வதக்கி, ஊறிய பீன்ஸைக் கொட்டி, அதன் தலையில் வினிகரைச் சாய்த்தார். தக்காளியும் வெல்லமும் பொடிகளும் வரிசையாக விழுந்தன. மூடியைப் போட்டுவிட்டு எதிரிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மறக்கிற பேச்சே இல்லை.

எட்டு மணிக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். கல். பத்து மணிக்கும் கல். குழம்பு கெட்டியாகிப் பளபளத்தது, விதை மட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி அப்படியே கிடந்தது. தண்ணீர் ஊற்றினார், தீயைக் கூட்டினார், குறைத்தார், கடைக்காரியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். பானை காதிலேயே வாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வேறு வழியில்லாமல் கொல்லைப்புறம் போய் நாலு சிராய் விறகைக் கொளுத்தினார். வெள்ளைப் புகை அடங்கும்வரை காத்திருந்தார். வெள்ளைப் புகை கசக்கும் என்பது அவருடைய கை கற்ற பாடம். மெல்லிசாக நீலம் ஓடியதும் ஒரு தணலைக் கிண்ணத்தில் எடுத்து, பானை நடுவில் இறக்கி, தணல் மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மூடினார். மறுபடி திறந்தபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார். வினிகர் பாட்டில்தான் நின்றுகொண்டிருந்தது.

மகள் வீட்டில் முதலில் வாய் வைத்தவர் மருமகன். பல் டாக்டர். கடக்கென்று ஒரு சத்தம் மேஜை முழுக்கக் கேட்டது.

"மாமா, தொழில் டல்லா இருக்குன்னு போன வாரம் சொன்னேன். அதுக்காக இப்படியா ஆள் புடிச்சுக் குடுப்பீங்க?"

"சும்மா இருங்க" என்றாள் மகள். அவளும் ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவதை நிறுத்திக் கண்ணை மூடினாள். "புகை அப்படியே அம்மா கை, அப்பா. ஆனா..."

"ஆனா என்ன? சரக்கு பழசு. அந்தப் பொண்ணு ஏமாத்திட்டா."

"வினிகர எப்ப ஊத்துனீங்க?"

"மொதல்லதான். உங்கம்மா ஊத்துற மாதிரி."

மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அம்மா வெறும் தண்ணியில மூணு மணி நேரம் வேக வெச்சிருவாங்கப்பா. மசிஞ்சப்புறம்தான் தக்காளி, வினிகர் எல்லாம். புளிப்பு முந்திப் போனா ஆயுசுக்கும் வேகாது. நீங்க வீட்டுக்கு வர்ற நேரத்துக்குப் பாதி சமையல் முடிஞ்சிருக்கும்."

பெரியவர் அவளையே பார்த்தார். "அவ எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

மருமகன் கோழியைப் பிய்ப்பதில் மும்முரமானார்.

பெரியவருக்கு வேறொரு கணக்கு ஓடியது. எத்தனையோ பண்டம் இருக்க, இந்தப் பீன்ஸை ஏன் கேட்டாள்? நான் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தேதானே கேட்டிருக்கிறாள்? மூணு மணி நேரமாம், வெறும் தண்ணியாம். வாசலில் நின்றவன் நான், சொல்கிறவள் இவள்.

"பின்பக்க ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சுப்பா" என்றாள் மகள் மெதுவாக. "காலைல நல்லா வெளிச்சம் வரும்."

ஆக, பந்தயத்துக்கு முன்னாடியே பெயின்ட்.

எழுந்து பானையை மூடிக் கைப்பிடியில் துணியைச் சுற்றினார். "இருங்கப்பா, கார்ல விடறோம்" என்ற குரலுக்குத் திரும்பவில்லை. தெருமுனையில் மூடியை விலக்கி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த தெரு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அது கரைகிற வழியாக இல்லை.

"சரக்குதான் பழசு" என்று சொல்லிக்கொண்டார். சூடு ஆறாத பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தன் வீட்டுப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்.