மணிக்கட்டும் பதினொரு பவுண்டு ஸ்பிரிங்கும்

விவாகரத்தின்போது வீட்டை விற்றுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாயை போஹுமில் கொண்டுபோனான். பாத்திரங்கள் ராத்மிலாவுக்கு வந்தன, கூடவே அவளுடைய போட்டித் துப்பாக்கியும். அது அவள் பெயரில் பதிவானது, சண்டைக்கு இடமில்லை. அதன் உள்ளே கிடந்த ஸ்பிரிங்கும் ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பியும் மட்டும் போஹுமில் பொறுக்கிப் போட்டவை. அவற்றைத் திருப்பிக் கேட்டு வக்கீல் கடிதம் வராதது அவளுக்கு ஆச்சரியம்தான்.

ராத்மிலா மிகுலோவ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பத்தாறு. வாரக் கடைசியில் மற்றவர்கள் திராட்சைத் தோட்டத்துக்கோ மாமியார் வீட்டுக்கோ போகும்போது அவள் துப்பாக்கிப் போட்டிக்குப் போவாள். நின்ற இடத்தில் நின்று சுடும் போட்டியல்ல. ஓடவேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுடவேண்டும். ஒவ்வோர் இலக்கு அட்டைக்கும் இரண்டு குண்டு. நடுக்கட்டத்தில் விழுந்தால் முழு மதிப்பெண், வெளியே போகப் போகக் குறையும். கிடைத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். நிதானமாக நடுவில் சுட்டாலும் தேறமுடியாது, அவசரமாக ஓரத்தில் சுட்டாலும் தேறமுடியாது.

அவளுக்கு ஒரு நோய் இருந்தது. முதல் குண்டு நடுவில் போய் உட்காரும். இரண்டாவது நாலு விரல் கீழே இறங்கிவிடும். போஹுமில் அதற்குப் பெயரும் வைத்திருந்தான், மருந்தும் வைத்திருந்தான். பெயர் 'உன் மணிக்கட்டு'. மருந்து 'பூட்டு'.

"மணிக்கட்டைப் பூட்டு, ராதா. வெடிக்கப்போகுதுன்னு பயந்து கையைக் கீழே அமுக்கறே. துப்பாக்கி மேல தப்பே இல்ல. அதுக்குள்ள எல்லாம் நான்தானே பாத்துப் போட்டிருக்கேன்!"

பன்னிரண்டு வருடம் அவள் மணிக்கட்டைப் பூட்டினாள். டென்னிஸ் பந்தைப் பிசைந்தாள், வாளியில் அரிசி நிரப்பி அதற்குள் விரல்களை விரித்து மடக்கினாள். மருந்துக்கடையில் ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கையில் மணிக்கட்டுப் பிடித்துக்கொள்ள, அவரே அவளுக்கு ஒரு களிம்பைச் சிபாரிசு செய்தார். இரண்டாவது குண்டு கீழேதான் போனது.

பிரிந்து ஒன்றரை வருடம் கழித்து அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தளர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாயும், அதை மறுபடி முன்னால் தள்ளி அடுத்த குண்டை ஊட்டுவது அந்த ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் நெளியாமல் நடுவில் தாங்கிப் பிடிக்கும் கம்பிக்குக் கைடு ராடு என்று பெயர். ஸ்பிரிங்கின் விறைப்பைப் பவுண்டில்தான் சொல்வார்கள், கடைக்காரன் என்ன பவுண்டு வேண்டும் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. போஹுமிலுக்கு போன் போட்டுக் கேட்கலாம். அதைவிட ஊசி இல்லாமல் பல் பிடுங்கிக்கொள்ளலாம். எல்லா அளவிலும் ஒவ்வொன்று என்று அள்ளிக்கொண்டு வந்தாள்.

மருந்துக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். முதலில் கம்பி. துப்பாக்கியோடு வந்த பிளாஸ்டிக் கம்பியைப் போட்டாள். எடை குறைந்து குழலின் முனை துள்ளியது. போஹுமில் போட்ட கனமான எஃகுக் கம்பியைத் திரும்பப் போட்டாள், துள்ளல் அடங்கியது. கம்பி விஷயத்தில் அவன் சொன்னது சரி. கசப்பாக இருந்தாலும் அதை ஒப்புக்கொண்டாள். பிறகு ஸ்பிரிங்குகள், பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிவந்தாள். பத்து பவுண்டில் ஸ்லைடு இரண்டு முறை முழுக்க மூடாமல் நின்றுவிட்டது. திரும்பப் பதினொன்றுக்கு வந்தாள், அதில் இரண்டு ஓட்டைகளும் ஒட்டிக்கொண்டு நின்றன. அடுத்த அட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

நம்பாமல், போஹுமில் போட்டதைப் போலவே விறைப்பாக இருந்த பதினைந்தைப் போட்டுச் சுட்டாள். நாலு விரல் கீழே.

விஷயம் இவ்வளவுதான். போஹுமில் எருமைக் கைக்காரன், பலமான குண்டு போட்டுச் சுடுபவன். அவன் குண்டின் உதைக்குப் பதினைந்து பவுண்டு ஸ்பிரிங் அளவாக இருந்தது. ராத்மிலாவுக்கு அவன் செய்து தந்ததோ வெடிமருந்து குறைத்த மென்மையான குண்டு, இப்போதும் அவள் அதே அளவில்தான் சுடுகிறாள். அந்தச் சின்ன உதைக்கு அத்தனை பெரிய ஸ்பிரிங் ஸ்லைடை ஓங்கி முன்னால் அறைந்தது. அறைந்த வேகத்தில் குழல் மூக்கைக் கீழே கவிழ்த்தது, அந்த நேரத்தில் இரண்டாவது குண்டு கிளம்பியது. மணிக்கட்டுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் வஞ்சகம் எதுவும் செய்யவில்லை. தனக்குப் பிடித்ததை அவளுக்கும் போட்டான், அவ்வளவுதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அரிசி வாளியைக் குப்பையில் கவிழ்த்தாள்.

செப்டம்பரில் கடைசித் தேர்வுப் போட்டி, ஹொடொனின் என்ற ஊருக்குப் பக்கத்தில், செங்கலுக்குக் களிமண் தோண்டிய பழைய குழியில், சனியும் ஞாயிறும். நாட்டு மகளிர் அணியில் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர். ஒருத்தி ராத்மிலா. அவளுக்கு இது முதல் வாய்ப்பு, வயதைப் பார்த்தால் கடைசியும் இதுவாகத்தான் இருக்கும். இன்னொருத்தி ஹெட்விகா, முப்பத்துமூன்று வயது, முயல் மாதிரி ஓடுவாள். இப்போது போஹுமிலோடு குடியிருப்பது அவள்தான். யார் செய்த புண்ணியமோ, போஹுமிலையும் சேர்த்து மூன்று பேரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சுட்டு முடித்ததும் நடுவர் மதிப்பெண் போடுவார். உடனே குழுவில் மற்றவர்கள் எல்லாரும் ஓடிப்போய் அட்டையிலுள்ள ஓட்டைகள்மேல் பழுப்புக் காகித வில்லைகளை ஒட்டவேண்டும், அடுத்தவருக்கு அட்டை புதிதாக இருப்பதற்காக. எதிராளியின் ஓட்டையை நீதான் அடைக்கவேண்டும்.

"ஒட்டுங்க, ஒட்டுங்க! கல்யாணப் பத்திரிகைக்குத் தபால்தலை ஒட்டற மாதிரி தடவிக்கிட்டு நிக்காதீங்க!" என்று நடுவர் செஸ்த்மிர் கத்தினார். அவருக்குத் தொண்டையும் பெரிது, தொந்தியும் பெரிது.

ஹெட்விகா சுட்ட அட்டைகளை ஒட்டப் போன ராத்மிலா முதல் அட்டையில் வில்லையோடு நின்றாள். ஓர் ஓட்டை நடுவில். இன்னொன்று நேர் கீழே, நாலு விரல். அடுத்த அட்டை, அதே கதை. பயந்து கையை அமுக்குபவளுக்கு முதல் குண்டும் இறங்கும், பக்கவாட்டிலும் இழுக்கும். இவை நூல் பிடித்தமாதிரி இறங்கியிருந்தன. தன் கையெழுத்தை இன்னொருத்தி நோட்டில் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. பின்னால் போஹுமிலின் குரல் கேட்டது.

"மணிக்கட்டு, ஹெடா, மணிக்கட்டு! பூட்டுன்னா பூட்டணும். எத்தனை தரம் சொல்றது?"

"பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"பூட்டியிருந்தா ஏன் கீழே போகுது? துப்பாக்கி மேல தப்பே இல்ல."

சனிக்கிழமை முடிந்தபோது ராத்மிலா முன்னால் இருந்தாள். அதிகமில்லை, ஆனால் ஹெட்விகாவின் இரண்டாவது குண்டுகள் இப்படியே இறங்கிக்கொண்டிருந்தால் போதுமானது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு நாளை ஓட்டினால் அணிச் சட்டை அவளுக்கு.

ஞாயிறு காலை அவள் பாதுகாப்புக் கொட்டகைக்குப் போனாள். துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்க அனுமதி உள்ள ஒரே இடம் அது. எதிரே மண்மேடு, குண்டு கொண்டுவந்தால் அப்போதே வெளியேற்றம். ஹெட்விகா தனியாக நின்று வெற்றுத் துப்பாக்கியை நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் தோல்நிறப் பட்டை சுற்றியிருந்தது. மருந்துக்கடையில் அந்தப் பட்டையை ராத்மிலாவே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறாள்.

அடுத்து அவள் செய்ததைப் பெருந்தன்மை என்று சொல்லமுடியாது. இன்னொரு நாள் முழுக்க அந்த 'மணிக்கட்டு'ப் பாட்டைக் கேட்க அவளால் ஆகாது.

"அதுக்குள்ள எத்தனை பவுண்டு போட்டிருக்கு?"

ஹெட்விகா திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் ராத்மிலா அவளிடம் பேசிய முதல் வார்த்தை இது. "எனக்குத் தெரியாதுங்க. அதெல்லாம் அவர்தான் பாத்துக்கறார்."

"குண்டு?"

"அவர்தான் செய்யறார். மென்மையானது. உங்களுக்குச் செஞ்ச அதே அளவுன்னு சொன்னார்."

ராத்மிலா பெட்டியிலிருந்து புது ஸ்பிரிங் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பதினொண்ணு. என்கிட்டயும் அதே துப்பாக்கி, அதே கம்பி, அதே குண்டு. உன் கை நல்ல கைதான். இதைப் போட்டா ரெண்டாவது குண்டு நடுவுல நிக்கும்."

ஹெட்விகா அதைத் தொடவில்லை. போட்டி நடுவே சோதிக்காத ஸ்பிரிங்கைப் போடுகிறவள் முட்டாள், எதிராளி கொடுத்ததைப் போடுகிறவள் அதைவிட முட்டாள். இரண்டும் அவள் முகத்தில் எழுதியிருந்தன.

"இது சரியா வேலை செய்யலைன்னா?"

"அணியில நான் இருப்பேன்."

"செஞ்சா?"

"நீ இருப்பே."

"அப்புறம் எதுக்குக் குடுக்கறீங்க?"

"வாயைக் கிளறாதே. வேணும்னா போடு, வேண்டாம்னா விடு. எனக்கு மனசு மாறறதுக்குள்ள முடிவு பண்ணு."

ஹெட்விகா கொட்டகைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். போஹுமில் தூரத்தில் யாருக்கோ கைவீசி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவள் துப்பாக்கியைக் கழற்றி, எஃகுக் கம்பியிலிருந்து பழைய ஸ்பிரிங்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகினாள். பழையதை ராத்மிலா பக்கம் தள்ளினாள். "நீங்களே வச்சுக்குங்க. என் பையில இருந்தா பாத்துடுவார்."

அன்றைக்கு ராத்மிலா மோசமாகச் சுடவில்லை. அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஹெட்விகாவின் அட்டைகளில் ஒட்டப் போனபோது ஒவ்வொரு முறையும் ஒரே வில்லை இரண்டு ஓட்டைகளையும் மூடியது. நாலாவது சுற்றிலேயே ராத்மிலாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாலையில் பட்டியல் வந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை, ஆனாலும் ஹெட்விகா மேலே, ராத்மிலா கீழே.

எல்லாரும் நீள மேஜையில் உட்கார்ந்து கடுகுச் சாந்தும் குதிரைமுள்ளங்கியும் தொட்டுக்கொண்டு கிளொபாசா என்ற தொத்திறைச்சியைத் தின்றார்கள். போஹுமில் நின்றுகொண்டே தின்றான். ஜெயித்தவன் அவன்தான் என்று பார்ப்பவர் நினைத்திருப்பார்கள்.

"ரெண்டு வருஷம் கத்தினேன், செஸ்த்மிர். ரெண்டு வருஷம்! நேத்து ராத்திரி கடைசியா உட்கார வச்சுச் சொன்னேன், இன்னிக்கு மணிக்கட்டைப் பூட்டிட்டா. பாத்தீங்கல்ல?"

"உங்க வாய்க்கும் ஒரு பூட்டு வாங்குங்க" என்றார் செஸ்த்மிர். மேஜை சிரித்தது.

ராத்மிலாவால் அதற்குமேல் பொறுக்கமுடியவில்லை. "அது மணிக்கட்டு இல்ல, போஹுஷ். ஸ்பிரிங். உன் ஸ்பிரிங் உன் கைக்குச் சரி. எங்க கைக்கு இல்ல. காலைல அவ மாத்திட்டா."

போஹுமில் ஹெட்விகாவைப் பார்த்தான். "மாத்தினியா?"

ஹெட்விகா ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். விழுங்கினாள். "இல்லையே. எதை மாத்தறது? நீங்க சொன்னபடிதான் பூட்டினேன்."

போஹுமில் தோளைக் குலுக்கிவிட்டு மேஜையைச் சுற்றிப் பார்த்தான். "தோத்தவங்க ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க."

பழைய ஸ்பிரிங் ராத்மிலாவின் சட்டைப்பையில்தான் கிடந்தது. எடுத்து அவன் தட்டில் போட்டால் முடிந்தது. ராத்மிலாவின் கை பைக்குள் போனது. ஆனால் ஹெட்விகா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை ராத்மிலாவுக்குப் பழக்கம். விருந்தாளிகள் முன்னால் போஹுமில் ஏதாவது சொல்ல, ஆமாம் என்று தலையாட்டிய ஒவ்வொரு தடவையும் அவளே அப்படித்தான் யாரையாவது பார்த்திருக்கிறாள்.

"சரி, நான் வேற யாரையோ பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கார்கள் நிற்கும் புல்வெளியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹெட்விகா வந்தாள். நிற்கவில்லை, ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் அவள் காருக்குப் பக்கத்தில் குனிந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"எத்தனை குண்டுக்கு ஒருதரம் மாத்தணும்?"

ராத்மிலாவுக்குத் திட்டவேண்டும் என்றுதான் வந்தது. "மூவாயிரம். அதுக்குமேல தளர்ந்துடும்" என்றாள்.

"புதுசு வாங்கினா வீட்டுக்குப் பார்சல் வரும். பார்சலை அவர்தான் பிரிப்பார்."

"மருந்துக்கடைக்கு வா. தலைவலி மாத்திரைன்னு சொல்லிட்டு வா. எடுத்து வைக்கறேன்."

ஹெட்விகா தலையாட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து போஹுமில் ஹாரனை அழுத்தினான், ஒருமுறை, உடனே இன்னொருமுறை. அவள் நாடாவைப் பாதி கட்டியபடியே ஓடினாள். பின் இருக்கையில் நாய் குரைத்தது, கதவு அறைந்து மூடியது.

ராத்மிலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அணியில் இடம் போன வருத்தம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்தக் காரில் தான் ஏறவேண்டியதில்லை என்ற சந்தோஷம் வெட்கமில்லாமல் பொங்கி வந்தது, அவளே எதிர்பார்க்காத அளவுக்கு.