அஞ்சாம் நாள் காய்ச்சல்

குடலில் கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து இன்றோடு ஆறு நாள். பீளமேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொங்கியண்ணன் சிரித்த முகமாகப் படுத்திருந்தார். சிரிப்பாம் சிரிப்பு! போர்வைக்குள் உடம்பு நடுங்குவது மனைவி தெய்வாத்தாளுக்குத்தான் தெரியும்.

“தையல் விட்டுச்சுன்னா வயிறு கல்லாட்டம் இறுகும், காய்ச்சல் வரும். அந்த நிமிசமே சொல்லோணும்,” என்று நர்ஸ் மெர்சி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. இவரோ, “சொன்னீன்னா நாளைக்கு ஊட்டுக்கு உட மாட்டாங்க. நாளான்னிக்குப் புள்ளைக்கு நிச்சயம். அப்பன் சபையில உக்காராம தட்டு மாத்தறதா? காய்ச்சல் மாத்திரை குடு,” என்றார். தெய்வாத்தாளும் கொடுத்துத் தொலைத்தாள். மெர்சி காய்ச்சல் பார்க்க வரும் ஒவ்வொரு தடவைக்கும் முன்னால், ஆக மூன்று தடவை. புருசன் பேச்சைத் தட்டாத மகராசி!

காலையில் டாக்டர் வரதராஜுலு வந்தார்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லாருக்கறனுங்க டாக்டர்.”

மெர்சி குறித்துவைத்த சீட்டில் காய்ச்சல் இல்லை. நாடி மட்டும் தலைதெறிக்க ஓடியது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

“ஊட்டுக்குப் போற சந்தோசமுங்க,” என்று சமாளித்தார் பொங்கியண்ணன். உதடு வெளுத்திருந்தது.

தெய்வாத்தாள் டாக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பொய்யுங்க டாக்டர்! நேத்துலருந்து காய்ச்சலுங்க. நாந்தானுங்க மாத்திரை குடுத்து மறைச்சுப்போட்டேன்!”

டாக்டர் வயிற்றில் கை வைத்து லேசாக அழுத்தினார். பொங்கியண்ணன் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். தையல் விட்டு, வயிறு முழுக்கச் சீழ்.

“உடனே மறுபடி திறக்கோணும்,” என்றார் டாக்டர்.

“பொழைச்சுக்குவாருங்களா?”

“நேத்தே சொல்லியிருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டி நின்றது. பொங்கியண்ணன் அவள் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

“நாந்தான் கேட்டேன். உம்மேல தப்பில்ல அம்மணி.”

“தப்பெல்லாம் எம்மேலயே இருக்கட்டுமுங்க,” என்று வெடித்தாள் தெய்வாத்தாள். “காலத்துக்கும் நானே சொமக்கறேன். நீங்க மட்டும் வெளிய வந்துருங்க!”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.