பத்து நிமிடத் திருட்டு

கலாபகோஸ் தீவிலிருந்து கிளம்பி இருபத்திரண்டாம் நாள். பாய்மரப் படகில் இரண்டே பேர், நானும் என் புருஷன் ராஸும். மூன்று மணி நேரம் அவன் காவல், மூன்று மணி நேரம் என் காவல். ஓய்வு என்று பெயர்பெற்ற மூன்றில் சமைத்து, பாத்திரத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, மிச்சத்தில் தூங்க வேண்டும். அது தூக்கமா? படகு உருட்டுகிற உருட்டில் பலகையோடு முட்டிக்கொண்டு கிடப்பது.

இதில் ரேடியோவும் செத்துவிட்டது. தினமும் மாலை நான்கு மணிக்கு தஹிதியிலிருந்து மெர்வ் என்பவன் கடலில் இருக்கும் படகுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஹோபார்ட் நகரில் எங்கள் மகள் டாம்சினுக்கு இது பிரசவ வாரம். பிறந்ததும் மெர்வுக்குத் தகவல் சொல்வதாக ஏற்பாடு. நான்கு நாளாக வெறும் இரைச்சல்தான்.

"ஆள் வச்சுப் பண்ணுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நானே ஒயர் இழுக்கிறேன்னு இழுத்தியே, மகராசா!"

"ஒயர்ல ஒண்ணுமில்ல கிளெனிஸ். நாலு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன்," என்றான் ராஸ். அவன் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"அப்புறம் ஏன்டா சத்தம் வரல?"

அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

அன்றும் சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்ததும் ரேடியோவைத் திருகினேன். இரைச்சல். எரிச்சலில் பக்கத்து ஜிபிஎஸ் திரையை முறைத்தேன். அது லண்டன் நேரம் காட்டும். கழித்துப் பார்க்கும் தெம்பு பல நாளாக எங்களுக்கு இல்லை. அன்று விரல் விட்டு எண்ணினேன். இருபது மணி பத்து நிமிடம். கிளம்பிய தீவின் நேரத்துக்கு ஆறைக் கழி. பதினான்கு பத்து, அதாவது மதியம் இரண்டு பத்து. மெர்வின் நான்கு மணியும் அந்தத் தீவின் கணக்குதான்.

கடிகாரம் நூற்றுப்பத்து நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது; மெர்வ் பேச ஆரம்பிக்கும் முன்பே நாங்கள் கேட்டுவிட்டு அணைத்திருக்கிறோம். அந்த நேரத்தைத் திருடியவள் நான்தான். ஆறு நாளாக, விடியற்காலைக் காவலில் முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளிவிட்டு ராஸை எழுப்பிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, தூக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் ஆறு பத்து அறுபதுதானே? மீதி ஐம்பது?

அவனை உலுக்கினேன். "கடிகாரத்தைத் தொட்டியா?"

விழித்தான். திருதிருவென்று முழித்தான். "பத்து நிமிஷம்தான் கிளெனிஸ். அஞ்சு நாளாதான்."

"அடப்பாவி!"

"நீ?"

"ஆறு நாளா."

"அடிப்பாவி! ஒயரையா குத்தம் சொன்ன? ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்!"

இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்துவிட்டு, முள்ளைத் திருப்பி வைத்து, நூற்றுப்பத்து நிமிடமும் ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம்.

நான்கு மணிக்கு மெர்வின் குரல் கணீரென்று வந்தது. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் பதில் சொன்னேன்.

"உசுரோட இருக்கீங்களா!" என்று கத்தினான். "நாளைக்குக் காலைல உங்களத் தேட விமானம் கேக்கிறதா இருந்தோம். ரேடியோ ரிப்பேரா?"

நான் ராஸைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு," என்றேன். "டாம்சின்?"

"பொண்ணு பொறந்து மூணு நாளாச்சு. ரெண்டும் சௌக்கியம். நேத்து உன் மக எழுதினதை அப்படியே படிக்கிறேன். 'அம்மாவும் அப்பாவும் கெடைச்சா சொல்லுங்க. பிரசவ வலிகூட மறந்துபோச்சு. இந்த வலிதான் தாங்கல.'"

மைக்கை நீட்டினேன். ராஸ் அதை வாங்கி, "கெடைச்சுட்டோம்னு சொல்லு மெர்வ்," என்றான்.

ஏழு மணிக்கு என் காவல் முடிந்தது. கடிகாரத்தை நான் தொடவில்லை. ராஸை எழுப்பிவிட்டுப் படுத்தேன். மூன்று மணி நேரமும் முழுசாக என்னுடையது. ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.