பதினோராவது வரியில் ஒரு எழுத்து

தகராறு ஒரே ஒரு எழுத்தில்தான். அதற்காக விபத்து விசாரணை அலுவலகத்திலிருந்து அவனுக்கு மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் வேலை இருக்கிறது என்றான். நாலாவது முறை சொல்லப் பொய் கிடைக்கவில்லை. கிளம்பிப் போனான்.

ஒரு எழுத்துக்காக அவனைக் கூப்பிடுவது ஒன்றும் அதிசயமில்லை. பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் ஆறு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறவன். கொம்பு விழுந்தாலும் கால் முளைத்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை போவான், திரும்பி வந்து இன்னொரு முறை மூடுவான். அதனால் மனைவி அவனுக்கு முற்றுப்புள்ளி என்று பேர் வைத்திருந்தாள்.

அவள் மின்துறையில் பொறியாளர். ஹெலிகாப்டரில் பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெப்பம் காட்டும் கேமராவைப் பிடித்துக்கொண்டு, கோபுரம் கோபுரமாகக் கம்பி பார்ப்பது அவள் வேலை. எந்த இணைப்பு சூடாகியிருக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்ல கேமராவே பதிவு செய்துகொள்ளும்.

பைலட்டுக்கு அலுவலகத்தில் வைத்த பேர் சர்க்கஸ். இரவுச் சாப்பாட்டில் சர்க்கஸுக்கு மூன்றாவது தட்டு வைக்காததுதான் குறை.

"இன்னைக்கு சர்க்கஸ் என்ன பண்ணுச்சு தெரியுமா? ரோடு போடுறவங்க கை காட்டினாங்க. மூக்கைக் கீழ இறக்கி அப்படியே ஒரு கும்பிடு."

"அது விதிப்படி செய்யலாமா?"

"வந்துடுச்சு முற்றுப்புள்ளி," என்று எழுந்து கை கழுவப் போவாள். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும்.

நாலு மாதத்துக்கு முன்பு, ஆற்றைத் தாண்டும் இடத்தில், பாலத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள். சர்க்கஸ் மின்கம்பிக்கு அடியில் ஒரு முறை புகுந்து வெளியே வந்தான். பாலத்தில் விசில் பறந்தது. மறுபடியும் புகுந்தான். வால் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "எவனோ பந்தா காட்டினதுக்கு இந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்துடுச்சே." அவன் தலையாட்டினான். அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. செத்தவன்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் கடைசியாகப் பார்த்த முகம் சர்க்கஸின் முகம். கடைசியாகப் பேசியது அவனோடு. அந்தப் பேச்சைக் கேட்கத்தான் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள்.

அறையில் ஏசி ஒழுகி பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இரண்டு ஸ்பீக்கர், பேச்சை டைப் அடித்த ஒரு தாள். சர்க்கஸின் மனைவி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருப்பவள். சர்க்கஸின் பெண்டாட்டி என்றால் அவனைப் போலவே துடுக்காக இருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். இவளோ கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போகிற மாதிரி.

விசாரணை அதிகாரிக்கு சளி. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்த அம்மா அவங்க வீட்டுக்காரர் குரலை உறுதிப்படுத்திட்டாங்க. உங்க மிஸ்ஸஸ் பேசினதுலதான் ஒரு இடம் இழுக்குது. பதினோராவது வரி. டைப் பண்ணினவர் 'போகும்'னு அடிச்சிருக்கார். எனக்கு 'போதும்'னு கேக்குது. மேல இறக்கை சுத்துற இரைச்சல்ல கு-வும் து-வும் ஒண்ணா இருக்கு."

"ஒரு எழுத்துல என்ன சார் வந்துடப் போகுது?" என்று கேட்டாள் சர்க்கஸின் மனைவி.

"எல்லாமே வரும்மா. 'போகும்'னா ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடியிருக்காங்க. 'போதும்'னா அவங்க தடுத்திருக்காங்க, இவர் கேக்கலை. அறிக்கையே தலைகீழா மாறும்." அவன் பக்கம் திரும்பினார். "அவங்க பேச்சு உங்களுக்குத்தான் பழக்கம். நீங்க சொன்னா எழுதிடறேன்."

ஒலி ஓடியது. இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள் குரல், அலுவலகக் குரல்: "எழுபத்திரெண்டாம் கோபுரம், இடது பக்கம், சரி." பிறகு சர்க்கஸ்: "மேடம், இந்த இடைவெளியைப் பாருங்க. இந்தத் தடவை இன்னும் கீழ. என்ன சொல்றீங்க?"

அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சொல், இரண்டு முறை.

அதிகாரி சட்டென்று நிறுத்தினார். "அதுக்கு மேல வேண்டாம்."

அவனுக்கு முதல் முறையே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பீரோ வாங்கினார்கள். அவன் டேப் வைத்து அளந்து, படுக்கையறைக் கதவில் நுழையாது என்று சொன்னான். அவள் பின்னால் போய்த் தோள் கொடுத்து, "போகும், போகும்" என்று சிரித்துக்கொண்டே தள்ளினாள். கதவு நிலையில் ஒரு சில்லு பெயர்ந்து பீரோ உள்ளே போனது. அதே சிரிப்பு, அதே இரண்டு முறை. போதும் என்பதை அவள் இரண்டு முறை சொல்லவே மாட்டாள். ஒரு முறை சொல்லி டம்ளர்மேல் கையை வைத்து மூடிவிடுவாள்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றான்.

இரண்டாவது முறை சொல்லை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் கேட்டான். மூன்றாவது முறையும் சிரிப்பைத்தான் கேட்டான். நாலு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பு அவனுக்கு ஒரே ஒரு முறை கிடைத்தது, பீரோவோடு. சர்க்கஸுக்கு எத்தனை கோபுரத்துக்கு ஒரு முறை கிடைத்ததோ.

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். பதினோராவது வரியில் இரண்டு கு-வையும் வெட்டினான். ஓரத்தில் து என்று எழுதி வட்டமிட்டான். சரியாக இருந்த எழுத்தைத் தெரிந்தே பிழையாக்கியது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"போதும்," என்றான். "போதும்னுதான் சொல்றா."

அவள் பேரைக் காப்பாற்ற என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். அவளைப் பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறக்கிவிட வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. கம்பிக்கு அடியில் சர்க்கஸ் தனியாகப் போகட்டும்.

அதிகாரி சர்க்கஸின் மனைவியைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. முழுப் பழியும் உங்க வீட்டுக்காரர் மேலதான் விழும்."

சண்டைக்கு வருவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கும் போதும்னுதான் கேக்குது," என்றாள்.

"அப்ப அடைப்புக்குறிக்குள்ள 'சிரிப்பு'ன்னு இருக்கே," என்றார் அதிகாரி. "போதும்னு சொல்றவங்க எதுக்குச் சிரிக்கணும்?"

பேனா அந்தச் சொல்லின்மேல் நின்றது. ஒரு கோடு இழுத்தால் காரியம் முடிந்தது. கை இழுக்கவில்லை.

"அது இருக்கட்டும்," என்றான்.

"பயத்துலயும் சிரிப்பு வரும் சார்," என்றாள் அவள். "எனக்கு வரும்."

அதிகாரி தும்மினார். தாளை இருவர் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளினார். கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே அவன் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். அவள் படிக்கட்டுப் பக்கம் போனாள். "லிஃப்ட் எனக்கு ஆகாது." அவனும் கூடவே இறங்கினான். கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்து இறங்கினாள்.

"மூணு தடவை கேட்டீங்க இல்ல?"

"மூணு."

"எனக்கு முதல் தடவையே விளங்கிடுச்சு. போகும்னுதான் சொன்னாங்க."

அவன் நின்றான். "அப்புறம் ஏன்?"

"வீட்டுல அவருக்கு உங்க மிஸ்ஸஸ் புராணம்தான். மேடத்துக்குப் பயம்னா என்னன்னே தெரியாது, மேடம் கண்ணே சிமிட்ட மாட்டாங்கன்னு. என்னையும் ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போனார். நான் ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் கண்ணைத் திறக்கலை. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லை." ஒரு படி இறங்கினாள். "பழியைத் தனியாவே தூக்கட்டும். அதுக்கும் கூட ஒரு ஆள் எதுக்கு?"

கடைசிப் படியில் கைப்பிடியை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்பு. வீட்டுலயும் அப்படித்தான் சிரிப்பாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"ஒரு தடவை," என்றான். "பீரோ தள்ளினப்ப."