ஒட்டிய பக்கம்

“கடைசியில அந்த ஆளு வீட்டுக்குத் திரும்பி வந்தாரா டீச்சர்?”

ரொஷாந்தினி இப்படிக் கேட்டபோது சந்திரிகா டீச்சருக்கு வேறு வழி தெரியவில்லை. “வந்தாருடி, வராம என்ன?” என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே, பாடசாலை அதிபரின் அலுமாரியிலிருந்து இரவல் வாங்கிய அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பசை தடவி அட்டையோடு ஒட்டியும் விட்டாள்.

தென்துருவத்துக்கு நடந்து போன ஒரு வெள்ளைக்காரரின் வரலாறு அது. கடைசிப் பக்கம் தவிர எல்லாப் பக்கத்திலும் வண்ணப் படம். இலங்கையின் ஹந்தானை மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து பேரை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் அந்த அறைக்கு வைத்த பெயர் ‘மக்கு ரூம்’. பாடப் புத்தகத்தைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஐந்து பேரும், பனியில் வண்டி இழுக்கும் நாய்களைக் கண்டதும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

“நம்ம கங்காணி மாதிரியே மொறைக்கிறான் பாரு” என்று திலக்ஷன் ஒரு நாயைக் காட்டிச் சிரித்தான். அவன் தானாக வாசித்த முதல் சொல் அந்த நாயின் பெயர்தான்.

படத்தில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லவிட்டு, அதன் பிறகுதான் கீழே மூடி வைத்த வரிகளைத் திறந்து காட்டுவாள் சந்திரிகா. தாங்கள் சொன்னது சரியா என்று பார்க்கும் அவசரத்தில் அவர்கள் எழுத்துக் கூட்டினார்கள். பனியில் செத்துப்போனவர் கதை என்று தெரிந்தால் அந்த ஆசை அறுந்துவிடும் என்று அவள் பயந்தாள்.

அதிபர் இராமநாதனுக்கு இதெல்லாம் கண்ணில் காட்டக் கூடாது.

“உந்தப் படம் பாக்கிற விளையாட்டை விடுங்கோ. வெள்ளிக்கிழமை நான் வாறன். முன்னப் பின்ன காணாத ஒரு கடதாசியை ஒரு பிள்ளையாவது வாசிக்கட்டும். இல்லாட்டி அறையைப் பூட்டிப்போட்டு உதுகளைப் பழைய வகுப்பு வாங்கிலயே கொண்டுபோய் இருத்துங்கோ.”

வியாழக்கிழமை அவள் உள்ளே வந்தபோது ஒருவரும் எழும்பவில்லை. ரொஷாந்தினி ஈரத் துணி வைத்து, ஒட்டிய பக்கத்தைப் பிரித்திருந்தாள். பக்கம் பாதி கிழிந்து தொங்கியது. அவள் உட்கார்ந்தபடியே விரல் வைத்து வாசித்தாள்.

“கூடா...ரத்துக்குள்... அவருடைய... உடல்... கிடந்தது.”

“வாசிச்சிட்டியேடி!” சந்திரிகா துள்ளாத குறை. “படமே இல்லாத பக்கத்தைத் தனியா வாசிச்சிட்ட!”

“பொய்தானே சொன்னீங்க?”

“உங்களுக்கு மனசு விட்டுப்போயிறக் கூடாதுன்னுதான்...”

“வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைங்களுக்கு இப்புடி ஒட்டுவீங்களா? மக்குங்கதானே, இதுங்க எங்க கண்டுபிடிக்கப் போகுதுன்னு நெனைச்சிட்டீங்க.”

திலக்ஷன் கதிரையைச் சத்தமாகப் பின்னால் தள்ளினான். மன்னிப்புக் கேட்கலாமா என்று சந்திரிகா ஒரு கணம் நினைத்தாள். பிள்ளைகளிடம் போயா என்று விட்டுவிட்டாள்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை அதிபர் ஒரு டெங்கு அறிவித்தலோடு வந்தார். நான்கு பேர், கடதாசியைப் பார்க்காமலே, “தெரியாது சார்” என்றார்கள். திலக்ஷன் சொல்லும்போது சந்திரிகாவை முறைத்துக்கொண்டே சொன்னான். கடைசியாகக் கடதாசி ரொஷாந்தினியிடம் போனது.

அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு விரல் நகர்ந்தது.

“வீட்டைச்... சுற்றி... நீர்...”

அதிபர் நம்பாத முகத்தோடு மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

“உந்தப் பக்கத்தை ஆர் கிழிச்சது?”

ஒட்டியது நான்தான் என்று சொன்னால், ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்பார். பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்லச் சந்திரிகாவுக்கு மனம் வரவில்லை.

“பிள்ளைங்கதான் சார்... கவனமில்லாம.”

ரொஷாந்தினியின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

“மிச்சத்தை வாசி பிள்ளை” என்றார் அதிபர். இந்த முறை அவர் குரலில் கொஞ்சம் ஆவல்கூட இருந்தது.

“வாசிடி, தங்கம்ல” என்றாள் சந்திரிகா.

ரொஷாந்தினி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். கடதாசியை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.