ஒரு போனுக்கு மட்டும்

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் கியருக்கு முன்னால் சார்ஜர் தட்டில் கிடந்த என் போன் வழக்கம்போல் ஒரு விரற்கடை நகர்ந்தது. உடனே டிங் என்று ஒரு சத்தம். சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது என்று வண்டி சொல்கிறதாம். குனிந்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் டிங். பின் சீட்டிலிருந்து மகள், "கைக்குழந்தைகூட இவ்வளவு படுத்தாதும்மா" என்றாள். என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டே அந்தத் தட்டை ஒரு முறை முறைத்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர் அவர். அரைகுறையாக வேலை செய்கிற எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது, மனிதர்களைத் தவிர.

வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர் இந்தத் தட்டைக் காட்டித்தான் எங்களை மயக்கினார். வயரே வேண்டாம் மேடம், சும்மா வைத்தால் போதும் என்றார். வைத்தால் போதும்தான், வைத்த இடத்தில் அது இருக்க வேண்டாமா? இருந்தாலும் சூடு. கைக்குட்டையை மேலே விரித்தால் இஸ்திரி ஆகிவிடும். வீட்டில் கிளம்பும்போது இருந்ததைவிடக் குறைந்த சார்ஜோடு நான் ஆபீஸில் இறங்கிய நாட்கள் உண்டு. இந்த லட்சணத்தில் அதற்குக் காலையில் போட்டி வேறு. தட்டில் ஒரு போனுக்குத்தான் இடம். முதலில் வண்டிக்கு வருகிறவர் போனை வைக்கலாம் என்று மகள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அதனால் நானும் அவரும் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு படியில் ஓடுவோம். ரெண்டு போன் வைக்கிற மாதிரி ஒன்றை மாற்றிவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "பாக்கலாம்" என்பார். அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

பால் பதப்படுத்தும் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வந்து இறங்குகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று பார்ப்பது. மலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் ஆலை தொடங்குகிறார்கள். அங்கே பரிசோதனைக் கூடத்துக்கு என்னைத் தலைமையாகப் போடுவதாக அந்த வாரம் திங்கட்கிழமை மேலாளர் சொன்னார். போனால் வாரக் கடைசியில் மட்டும்தான் வீடு. "யோசிச்சு வைங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன். போறீங்களா இல்லையா, அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்" என்றார். அவருக்குத்தான் அது அவ்வளவு.

வீட்டுக்கு வந்து, கொடியில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல விஷயந்தானே" என்றார். ஒரு சட்டையை மடித்தார். இன்னொன்றை மடித்தார். அப்புறம், "அந்த சார்ஜர மொதல்ல மாத்தணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது எனக்குப் புதிது இல்லை. என் அப்பா போனபோது மனிதர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டினார். அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று மிக்ஸி. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கயேதான் இருக்கேன், உங்க பேர் என்ன, சாப்பிட்டீங்களா" என்று மணிக்கணக்கில் பேசுவார். அதை நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த லிஃப்டுக்குள் இருந்த பெண்மணி மேல் பொறாமையாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை. அவர் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சார்ஜர் பேச்சுதான். சாப்பாட்டு மேஜையில் வீடியோ. கம்பிச்சுருள் எங்கே இருக்க வேண்டும், சூடு ஏன் வருகிறது, உள்ளே குட்டி மின்விசிறி வைத்தது நல்லதா. "அப்பா சார்ஜர்ல டாக்டர் பட்டம் வாங்கப் போறாரு" என்றாள் மகள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் போக ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. படிக்கிற பெண்ணை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறவள் எப்படிப்பட்ட அம்மா என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன். போகாதே என்று அவர் சொன்னால் பெரிய சண்டை போட்டுவிட்டு இருந்துவிடலாம், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு ஆயுசுக்கும் குத்திக்காட்டலாம். போ என்று சொன்னால் அழுதுவிட்டுப் போய்விடலாம். இரண்டில் ஒன்றை அவர் வாயால் கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது அவர் என் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று மேஜை மேல் வைத்துவிட்டு, பல் தேய்க்காத ஞாபகம் வந்தவர்போல் உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் என் போனை அவர் தொட்டதில்லை. புது ஆலை பற்றி மேலாளர் எனக்கு அனுப்பியிருந்த செய்தியைப் படித்திருப்பார் என்று நினைத்தேன். சரி, படித்தாவது இன்றைக்கு ஏதாவது கேட்பார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். கேட்டார். "வெள்ளிக்கிழம கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? சார்ஜர் வந்துடுச்சு."

வெள்ளிக்கிழமை அவர் கூட்டிப்போன கார் சாமான் கடையில் சீட் உறைகளும் ஹாரன்களும் கூரையிலிருந்து தொங்கின. தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கார் எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஒயர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் நெம்புகோலை இடுக்கில் விட்டு, கியருக்கு முன்னால் இருந்த மூடியை டக் டக் என்று கழற்றினார். அதன் கீழே நான் எப்போதோ தொலைத்த கம்மல் திருகாணி, மிட்டாய்த் தாள், மகளின் தலைமுடி ஒரு சுருள். பழைய சார்ஜரை வெளியே எடுத்தபோது அது என் உள்ளங்கை அளவுகூட இல்லை. இதற்காகவா இந்த ஓட்டம் ஓடினோம் என்று இருந்தது. புதியதைப் பெட்டியில் இருந்து எடுத்தார். வட்டமாகக் காந்தம், அடியில் குட்டி மின்விசிறி. அதிலும் ஒரு போனுக்குத்தான் இடம்.

"ரெண்டு போன் வைக்கிற மாதிரிதானே சொன்னேன்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கூரையில் தொங்கிய ஹாரன்களை எண்ணுவதுபோல் பார்த்தார்.

"அக்கா, உங்க போன ஒரு நிமிஷம் குடுங்க" என்றார் ஒயர். "சார் அளவு எழுதிக் குடுத்துட்டாரு, இருந்தாலும் வெச்சுப் பாத்துடறேன். கேமரா மேடு இடிக்கக் கூடாது பாருங்க. சாருக்கு என்ன பயம்னா, மலையில நீங்க தனியா ஓட்டிட்டுப் போறப்ப வளைவுல போன் நழுவிச்சுன்னு வெச்சுக்கங்க, நீங்க குனிஞ்சு எடுப்பீங்களாம். குனியவே கூடாதுன்னாரு. அதான் ரெண்டு போன் மாடல் வேணாம்னு சொல்லிட்டோம், அதுல காந்தம் பத்தாது." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரப்பர் விரிப்பை என் போன் அளவுக்கு வெட்ட ஆரம்பித்தார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

நான் கடைக்கு வெளியே வந்தேன். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"வண்டிய எனக்குக் குடுத்துட்டு நீங்க எதுல போவீங்க?"

"பஸ்ஸுதான். நம்ம முக்குலயே நிக்குது."

"அவ ஸ்கூலுக்கு?"

"அதே பஸ்ஸு. கேட்டுட்டேன். சரின்னா."

"அவகிட்ட கேட்டீங்க. பஸ்ஸ விசாரிச்சீங்க. ஒயர்கிட்ட மலைக் கதை எல்லாம் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் போறதா முடிவே பண்ணல."

அவர் செருப்பு முனையால் தரையில் கிடந்த ஒரு திருகைத் தள்ளினார். "திங்கட்கிழமையில இருந்து பாக்கறேன். மாட்டேன்னு சொல்லிடப் போறேன்னு நீ ஒரு தடவகூடச் சொல்லல" என்றார்.

அடப்பாவி மனுஷா. எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நிஜம். சம்பளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன், அங்கே தங்க இடம் கொடுப்பார்களாமே என்று சொல்லியிருந்தேன், குளிர் அதிகமாம் என்றுகூடச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நான் இருந்ததில், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. கோபம் போகவும் இல்லை. என்னை வழியனுப்ப இத்தனை அக்கறையாக அளவெடுத்தவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டு. மேம்பாலம் வழியா போ. அங்கதான் நல்ல வளைவு இருக்கு." நான் போனைத் தட்டில் வைத்தேன். கையில் இருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் அது போய் ஒட்டிக்கொண்டது. மேம்பாலத்தின் முதல் வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினேன். என் கைப்பை அவர் மடியில் போய் விழுந்தது. போன் இம்மியும் அசையவில்லை. இரண்டாவது வளைவிலும் அப்படித்தான். டிங் சத்தம் இல்லாமல் வண்டிக்குள் என்னவோ போல் இருந்தது.

"சூடும் இல்ல" என்றார் தொட்டுப் பார்த்துவிட்டு.

"போகாதன்னு சொல்ல உங்களுக்கு வாயே வரலயா?"

அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். பாலம் இறங்கி சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழம வந்துச்சு" என்றார். "நீ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு ஏதோ பாடிட்டிருந்த. வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்லிட்டா நீ இருந்துடுவ. அதான் எந்திரிச்சு ஒயர் கடைக்குப் போயிட்டேன்."

நான் பாடினேனா? எனக்கு ஞாபகம் இல்லை. அழுகை வந்தது. சிக்னலில் நின்றுகொண்டு, பக்கத்து ஆட்டோவில் இருந்தவர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அப்போதுதான் போன் அடித்தது. வண்டியின் எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் அந்த மணிச்சத்தம் வந்தது. தட்டில் மேல்நோக்கிக் கிடந்த திரையில் மேலாளரின் பெயர், இருவருக்கும் நன்றாகத் தெரியும்படி. விளக்கு பச்சையாகி, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் கை நீண்டு போனை எடுக்கப் போனது. என்னிடம் கொடுக்கவா, நிறுத்தவா, எனக்குத் தெரியவில்லை. இழுத்தார். அது வரவில்லை. விரல் நுனிகளை ஓரத்தில் கொடுத்து இன்னொரு தடவை இழுத்தார். போன் அடித்துக்கொண்டே, அவர் பொருத்தச் சொன்ன இடத்திலேயே இருந்தது.