சுவரைத் தாண்டி விழுந்த பொட்டலம்

சுமதிராஜ் நயினார் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் வாயில் எதையும் போட்டதில்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். சம்பந்தி வந்தாலும் சரி, பெரிய அதிகாரி வந்தாலும் சரி, விளக்கு வைப்பதற்குள் இலையை எடுத்துவிட வேண்டும். ஜைனக் குடும்பங்களுக்கெல்லாம் உள்ள நியமம்தான். ஆனால் மற்றவர்கள் காய்ச்சல் என்றும் பிரயாணம் என்றும் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள். நயினார் தளர்த்தியதில்லை. அவர் வீட்டு நாய்க்கும் அதே சட்டம்தான்.

"நாய்க்குமா சார்?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

"நாய்க்கும்தான். அது எங்க வீட்டு நாய்."

டாக்டர் குனிந்து, நாய் பொம்மியின் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் பால்போல் புரை படர்ந்திருந்தது. "வயசான மனுஷங்களுக்கு வர்ற மறதி மாதிரிதான் சார் இதுவும். பகல் எது, ராத்திரி எதுன்னு குழம்பிப்போயிடும். இந்த மாத்திரையை ராத்திரி படுக்கறப்போ சோத்துல வெச்சி குடுங்க."

"பொழுது சாயறதுக்கு முன்ன குடுக்கலாமா?"

"குடுக்கலாம். சாயங்காலமே தூங்கிட்டு நடுராத்திரி எழுந்துக்கும்."

அப்படியேதான் நடந்தது.

சந்தவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரம் மழையில் நனைந்துகொண்டிருந்த நாய்க்குட்டியை அவர் மனைவி அமிர்தா மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை பாழாயிற்றே என்று நயினார் வழி முழுக்கச் சத்தம் போட்டார். அந்தக் குட்டிதான் பொம்மி. இப்போது பதினான்கு வயது. அமிர்தா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சமையல்காரம்மா நாலு மணிக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போனால், அதற்கப்புறம் அந்த வீட்டில் மூச்சுவிடுகிற ஜீவன்கள் இரண்டே இரண்டு.

போன மாதம் வரை ராத்திரியில் பொம்மி கொல்லையில் பேசாமல்தான் படுத்திருந்தது. அங்கே ஊளையிடத் தொடங்கியதும் நயினார் அதை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். இப்போது தினமும் ராத்திரி எழுந்துகொள்கிறது. கூடத்துக்கும் கொல்லைக்கதவுக்கும் நடக்கிறது. நகங்கள் மொசைக் தரையில் டக் டக்கென்று விழுகின்றன. பிறகு கதவில் மூக்கை வைத்து ஊளையிட ஆரம்பித்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

எதிர்வீட்டுத் தங்கவேலு தறிக்காரர். விடியுமுன் தறியில் உட்காருகிறவர். "நைனாரே, உங்க வீட்டு ஆளு ராவெல்லாம் கச்சேரி பண்ணிகினு இருக்குது. நான் காலையில தறியில உக்காந்தா ஒரு இழை ரெண்டு இழையா தெரியுதுங்க."

"அப்போ ஒரு புடவைக்கு ரெண்டு புடவையா நெய்ஞ்சிடு" என்றார் நயினார், முகம் மாறாமல். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த வீட்டைப் பற்றி எதிர்வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லும்படி இதுவரை நடந்ததில்லை.

சென்னையிலிருந்து மகன் சந்திரகுமார் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை வரேம்ப்பா. இங்க ஒரு நாய் ஷெல்டர்ல பேசிட்டேன். நல்லா பாத்துப்பாங்க. நீங்களும் தூங்கணும் இல்ல?"

"நம்ம வீட்டு ஜீவனை ஊரார் பராமரிப்புல விடறதா?"

"வேற என்ன பண்ணப் போறீங்க?"

நயினார் போனை வைத்தார்.

சனிக்கிழமை இரவு பொம்மி வழக்கம்போல் எழுந்தது. நாளை இந்நேரம் இந்த டக் டக் கேட்காது என்று நினைத்தபோது நயினாருக்குப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து கொல்லைக்கதவைத் திறந்துவிட்டார். எங்கேதான் போகிறது பார்ப்போம்.

தெருமுனையில் செய்யாறு கம்பெனி பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆட்களை இறக்கிவிடும் பஸ். பொம்மி தடுமாறிக்கொண்டே துவைக்கிற கல்லைத் தாண்டி, புதுச்சுவரின் முன்னால் போய் நின்றது.

அந்தச் சுவர் போன மாதம் அவர் எழுப்பியது. பழைய சுவர் இடுப்பளவுதான். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குச் சரிந்தும் கிடந்தது. விரத நாட்களில் பக்கத்துவீட்டு மீன்வாசனை பூஜையறை வரை வந்தது என்று ஹாலோ பிளாக் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திவிட்டார். பக்கத்துவீட்டு ரோஸி செருப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். சுவர் எழும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொம்மி சுவரைப் பார்த்து முனகியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம் வந்தது.

"வந்துட்டியாடி கெயவி? இன்னிக்காவது மோப்பம் புடிச்சி துன்னு."

வாழையிலைப் பொட்டலம் ஒன்று சுவரைத் தாண்டி வந்து நயினாரின் காலடியில் விழுந்து பிரிந்தது. தயிர்சாதம்.

"யாரது?" என்றார் நயினார்.



"ரோஸிதாங்க ஐயா" என்றது குரல், இறங்கிப்போய்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"அம்மா இருக்கறப்போ இருந்தே நடக்குதுங்க. நான் ஷிப்ட் முடிஞ்சி வந்து சாப்புடற நேரம், அம்மா பொம்மியை இட்டுகினு அந்த இடிஞ்ச இடத்துல வந்து நிப்பாங்க. 'எங்க வீட்டு அடுப்புல ராத்திரி ஆக்கக் கூடாது ரோஸி. உன் வீட்டு சோத்துல ஒரு புடி குடு'ன்னு கேப்பாங்க. எங்க வாசப்படியிலதான் வெச்சி ஊட்டுவாங்க. உங்க வீட்டுக்குள்ள ஒரு பருக்கை வந்ததில்லீங்க, மாதா சத்தியமா."

"அவ போன பிறகு?"

"பொம்மி தானா வந்துகினு இருந்துச்சிங்க. சுவரு வந்ததும் வழி இல்லாமப் போயிடுச்சி. மேல தூக்கிப் போட்டா அதுக்குக் கண்ணு தெரியல. காலையில காக்காதான் இலையோட தூக்கிகினு போவுது போல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கினாங்க. 'அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு'ன்னாங்க."

நயினார் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிமெண்டு இன்னும் சொரசொரப்பாக இருந்தது. அத்தனை வருஷமும் அவர் அந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சோறு போட எவ்வளவு நேரம் ஆவும்? உடனே வந்துடுவாளா?"

"இல்லீங்க. நான் உள்ள போயிடுவேன். அம்மா ரொம்ப நேரம் பொம்மிகிட்ட பேசிகினு உக்காந்திருப்பாங்க."

"என்ன பேசுவா?"

"அது தெரியாதுங்களே ஐயா. நான் காது குடுத்துக் கேக்கல."

அதற்கு மேல் கேட்க யாரும் இல்லை. 

"ரோஸி. நாளையிலேர்ந்து சுவத்து மேல தூக்கிப் போடாத. நான் பொம்மியை இட்டுகினு உன் வாசலுக்கு வரேன்."

"நீங்களாங்க?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா? ஜல்தி போய்ப் படு."

கொலுசுச் சத்தம் உள்ளே போனது. நயினார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். குனிந்து, மண் படாத சோற்றை மட்டும் இலையோடு எடுத்து, ஒரு பிடி உருட்டி, பொம்மியின் மூக்கருகே நீட்டினார். வீட்டுக்குள் இல்லையே, கொல்லைதானே என்று ஒரு சமாதானம் மனதில் எழுந்தது. அதை அவரே நம்பவில்லை. பொம்மி அவர் விரல்களை மோந்தது. பிறகு மெதுவாகத் தின்றது.

தின்று முடித்தும் அது படுக்கவில்லை. முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தது.

நயினாருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அமிர்தாவிடமே அவர் அதிகம் பேசியதில்லை.

"நாளைக்கு சந்திரகுமார் வரான்" என்றார் கடைசியில், உறவுக்காரருக்குச் செய்தி சொல்வதுபோல். "உன்னை இட்டுகினு போக வரான். சும்மாதான் திரும்பிப் போவான்."

பொம்மி இன்னும் நின்றுகொண்டே இருந்தது. அது போதாது போலிருக்கிறது.

"அந்தப் பட்டுப்புடவை..." என்று ஆரம்பித்தார் நயினார். "அன்னிக்கு நான் அவளை அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம்."

பொம்மி அவர் கால்மேல் தலையை வைத்துப் படுத்தது.